சிவந்துபோன சீஸ் ரொட்டி: லாஸ்பேட்டை வீட்டு அடுமனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கார்த்திகை மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் புதுமனை புகுவிழா நடந்த ஒரு வீட்டில், மாலைச் சிற்றுண்டிக்குப் பத்து சீஸ் ரொட்டிகள் வந்து இறங்கின. லாஸ்பேட்டையில் வீட்டிலேயே ரொட்டியும் கேக்கும் சுட்டு விற்கும் ஓர் அக்கா செய்தவை. சீஸ், கொத்தமல்லி, கறிவேப்பிலை, ஓமவல்லி எல்லாம் போட்டு, ஈஸ்ட் இல்லாமல், மாவு பொங்கக் காத்திருக்காமல், கலந்த கையோடு அடுப்பில் வைக்கிற காரச்சுவை ரொட்டி அது. அவரிடம் அதிகம் விற்பதும் அதுதான்.

முதல் ரொட்டியை அறுத்ததும் மஞ்சள் நிறத்துக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. சில கடுகளவு, சில மிளகளவு. இன்னொன்றை அறுத்தார்கள். அதில் புள்ளிகள் கலைந்து திட்டுத்திட்டாகப் பரவியிருந்தன. நடுப்பகுதி அமுங்கி, களி போல ஒட்டியது. ஒரு வாய் தின்று பார்த்த ஒருவர் சோப்பு வாடை அடிக்கிறது என்றார். அந்த வீட்டுப் பெரியம்மா, "குங்குமத்தக் கொட்டின மாதிரி இருக்கு, பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க" என்று தட்டையே அப்புறப்படுத்திவிட்டார். பத்தும் திரும்பி வந்தன.

சின்ன அடுமனைகளுக்குத் தரம் பார்த்துச் சொல்வது என் வேலை. அக்கா போன் செய்தபோது அழுகிற குரலில் இருந்தார். "தம்பி, மசாலா எதுவும் மாத்தல. எப்பவும் போடுற அளவுதான். இது என்ன பூஞ்சையா, சாயமா, ஒண்ணும் புரியல." ரொட்டிகளைத் தூக்கிப் போடாமல் அப்படியே மூடி வைக்கச் சொன்னேன். சாயம் கலந்ததாகப் புகார் போகும் என்று வாடிக்கையாளர் வீட்டிலிருந்து சொல்லியிருந்தார்கள். ஆகவே காரணத்தை ஊகமாகச் சொன்னால் போதாது, அவர்கள் கண்முன்னே காட்ட வேண்டும் என்ற நிலை.

இந்த ரொட்டியின் பூர்வீகம்

பிரான்சில் செவ்வக டின்னில் சுடும் உப்புச்சுவை கேக் ஒன்று உண்டு. கேக் சாலே என்பார்கள். முட்டை, எண்ணெய், பால், மைதா, துருவிய சீஸ், ஆலிவ் அல்லது பன்றித் தொடை இறைச்சி, அத்துடன் ஓர் உறை பேக்கிங் பவுடர். அங்கே அது 11 கிராம் உறைகளாகவே கடையில் கிடைக்கும். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படியும் இணைந்த பழைய பிரெஞ்சு ஊர் புதுச்சேரி. பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கே வாழும் உறவினர்கள் இங்கே பல குடும்பங்களுக்கு இருக்கிறார்கள். அக்காவுக்கும் ஒரு சித்தி. லீவுக்கு வந்த சித்தி பெட்டியில் கொண்டுவந்த உறைகளும் சொல்லிக்கொடுத்த பக்குவமும்தான் தொடக்கம். ஆலிவுக்கும் இறைச்சிக்கும் பதிலாக அக்கா பச்சை மிளகாயும் கீரைவகைகளும் போட்டார்.

உறைகள் தீர்ந்தபின் அவர் வேறொரு பக்குவத்தைப் பிடித்தார். அமெரிக்க வகை: மோரும் சமையல் சோடாவும் சேர்ந்தது. மோருக்குப் பதில் தயிர். ரொட்டி முன்பைவிட மெத்தென்று வந்தது, செலவும் குறைந்தது. அதன் பிறகு அவர் கையில் நிலைத்த அளவு இது. ஒரு ரொட்டிக்கு மைதா 250 கிராம், புளித்த தயிர் 200 கிராம், முட்டை 2, எண்ணெய் 60 மில்லி, சீஸ் 120 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு, தழைகள்.

பார்வைக்கு இது ஒரே ரொட்டி. உள்ளுக்குள் இரண்டு பரம்பரை கலந்திருக்கிறது. பேக்கிங் பவுடரில் சோடாவும் அதை முறிக்கும் அமிலமும் அளந்து சேர்க்கப்பட்டிருக்கும். தண்ணீரும் சூடும் பட்டால் போதும், வேலை நடக்கும். சோடாவைத் தனியாகப் போட்டால் அமிலத்தை நாம் கொடுக்க வேண்டும். இங்கே அதைக் கொடுப்பது தயிர். 19ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டுச் சமையலறைகளில் இதே தொல்லைதான்: புளித்த பாலின் புளிப்பு ஒரு நாள் போல ஒரு நாள் இருப்பதில்லை, ரொட்டியும் ஒரு நாள் போல ஒரு நாள் வருவதில்லை. 1843இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக ஒரு பேக்கிங் பவுடரைச் செய்தார். அமெரிக்காவில் எபன் ஹார்ஸ்ஃபோர்ட் 1856இல் பாஸ்பேட் அமில உப்புக்குக் காப்புரிமை வாங்கினார். பாலின் புளிப்பை நம்பிக் கிடக்க வேண்டாம் என்பதுதான் அந்த உப்பின் பயன். சித்தி கொண்டுவந்த உறையில் இந்தப் பிரச்சினை தீர்ந்திருந்தது. தயிருக்கு மாறியதும் அது திரும்பிவிட்டது. கோடையில் மட்டும் தெரியவில்லை.

அன்று நடந்தவை

அக்காவிடமும், ஒத்தாசைக்கு வரும் பக்கத்து வீட்டுத் தங்கையிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பதில் சொல்வார்கள்.

வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று ரொட்டிகள்தான். பத்து என்பது பெரிய ஆர்டர். பாண்லே பால் வாங்கி வீட்டில் உறைபோட்ட தயிர் 1 கிலோ அளவுக்குத்தான் இருந்தது, 2 கிலோ வேண்டும். மீதிக்கு 1 லிட்டர் பால் ஊற்றிச் சமாளித்தார்கள். மழை நாள், இருந்த தயிரும் இனிப்பாகத்தான் இருந்தது என்று தங்கை சொன்னார். பேக்கிங் பவுடர் டப்பா ஈரம் இழுத்துக் கட்டிதட்டியிருந்தது. அதன் வீரியம் போயிருக்குமோ என்ற பயத்தில் அக்கா சோடாவைக் கூட்டினார். பத்து ரொட்டிக்கு 5 டீஸ்பூன் போக, "கைக்கு" இன்னும் 2 டீஸ்பூன். சோடாவும் கட்டியாகத்தான் இருந்தது. மாவோடு சேர்த்துச் சலிக்கவில்லை. எல்லாம் கலந்தபின் மேலே தூவிக் கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். இந்த வகை ரொட்டியை அதிகம் கிளறக்கூடாது என்ற விதி அக்காவுக்குத் தெரியும். பசைத்தன்மை கூடி ரொட்டி ரப்பர் ஆகிவிடும். சரியான விதிதான், ஆனால் சோடாக் கட்டி அதற்குள் கரையாது.

பெரிய தேக்சாவில் பத்து ரொட்டிக்கான மாவும் ஒரே தடவையில் கலக்கப்பட்டது. வீட்டில் இருக்கும் மின் அடுப்பில் ஒரு முறைக்கு மூன்று டின்தான் வைக்க முடியும். கடைசி டின் அடுப்புக்குள் போகும்போது மாவு கலந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"மசாலா மாத்தல" என்று போனில் சொன்னவர் இவ்வளவையும் மாற்றியிருக்கிறார். பொய் சொல்லவில்லை. மசாலா என்றால் மிளகும் மிளகாயும் மஞ்சளும்தானே, அவை மாறவில்லை. தயிர் குறைந்தால் பால் ஊற்றுவதை எந்த வீட்டிலும் மாற்றமாக யாரும் நினைப்பதில்லை.

யார் மேல் சந்தேகம்

மூன்று சந்தேகங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

முதலாவது பூஞ்சை அல்லது கிருமி. இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. 1819இல் இத்தாலியில் பாதுவா நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மக்காச்சோளக்களி ரத்தச் சிவப்பாக மாறி ஊரே கலங்கியது. பார்த்தலோமியோ பிட்சியோ அதை ஆராய்ந்து, உயிருள்ள ஒன்றின் வேலை அது என்று காட்டினார். இன்று செராஷியா என்று அழைக்கும் பாக்டீரியா. 1843இல் பாரிஸ் அடுமனைகளில் ரொட்டி மேல் ஆரஞ்சு நிறப் பூஞ்சை படர்ந்து பெரிய தொல்லை கொடுத்தது. பிற்பாடு மரபணு ஆராய்ச்சியில் பேர்பெற்ற நியூரோஸ்போராதான் அது. ஆக, ரொட்டி கிருமியால் சிவக்கும் என்பது உண்மை. ஆனால் கிருமி பெருகி நிறம் காட்ட நேரம் வேண்டும். இந்த ரொட்டி காலையில் வெந்தது, மாலையில் அறுபட்டது. வேகும்போது உட்பகுதியே 90 டிகிரியைத் தாண்டும். இங்கே புள்ளிகள் உள்ளே நடுவில்தான் அதிகம். கிருமியாக இருந்தால் காற்றுப் படும் மேற்பரப்பில் தொடங்கியிருக்கும்.

களி போன்ற நடுப்பகுதியைப் பார்த்து, "நூல் விடுகிற நோய்" என்று பேக்கரிக்காரர்கள் பயப்படும் பாசில்லஸ் தொற்றாக இருக்குமோ என்றும் யோசித்தேன். ஈரமும் சூடும் உள்ள நம் கடற்கரைக்கு அது புதிதல்ல. அது வந்தால் அழுகின பழ வாடை அடிக்கும், பிய்த்தால் இழை இழையாக வரும், அதற்கும் ஒரு நாளுக்கு மேல் வேண்டும். இதில் அந்தப் பழ வாடையும் இல்லை, இழையும் இல்லை.

இரண்டாவது சந்தேகம் மஞ்சள்தூள். அந்த வாரம்தான் பெரிய மார்க்கெட்டில் புதுப் பொட்டலம் வாங்கியிருந்தார். கலப்பட மஞ்சளில் மெட்டானில் மஞ்சள் என்ற சாயமும், ஈய குரோமேட்டும் சேர்ப்பது உண்டு. வாடிக்கையாளர் வீட்டார் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். மூன்றாவது, மிளகாய்த்தூள் தவறி விழுந்திருக்கலாம் என்று அக்காவின் வீட்டுக்காரர் சொன்னார். காரமே இல்லாத சிவப்பு என்பதால் அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

காட்டிக்கொடுத்தது பச்சை

எல்லோரும் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு விசித்திரமாகப் பட்டது கொத்தமல்லி. தயிர் போட்ட ரொட்டியில் தழை வெந்தால் பச்சை மங்கும். அமிலமும் சூடும் சேர்ந்து பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தை வெளியேற்றிவிடுவதால் பழுப்புப் பச்சையாகும். அக்காவின் நல்ல நாள் ரொட்டிகளிலும் தழை அப்படித்தான் இருக்கும். திரும்பி வந்த ரொட்டியிலோ கொத்தமல்லி பச்சைப் பசேலென்று, அப்போதுதான் கிள்ளிப் போட்டது போல இருந்தது. அதுவும் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த இலைகள் இன்னும் பளிச்சென்று. கீரை மசியலில் சிட்டிகை சோடா போட்டால் நிறம் நிற்பது எப்படியோ அப்படி. மாவு முழுக்கக் காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான சோடாவின் தன்மை) மிஞ்சியிருக்கிறது என்று அங்கேயே சந்தேகம் வந்தது.

அப்புறம் எலுமிச்சம்பழம். ஒரு துண்டு ரொட்டியில் சிவப்புத் திட்டின் மேல் இரண்டு சொட்டுப் பிழிந்தேன். சிவப்பு கண்ணெதிரே மஞ்சளாக மாறியது. ஊற்றிய இடத்தில் சின்னச் சின்ன நுரையும் எழுந்தது. நுரை வந்தால் அங்கே முறிபடாத சோடா இருக்கிறது. சிவப்பு மஞ்சளாகத் திரும்பினால் அது மஞ்சளின் சொந்த நிறமிதான்; காரத்தில் சிவப்பதும் அமிலத்தில் மஞ்சளாகத் திரும்புவதும் அதன் குணம். மெட்டானில் மஞ்சளின் நடத்தை நேர் எதிர். கடுமையான அமிலம் பட்டால்தான் அது இளஞ்சிவப்பாகும், காரத்தில் சிவக்காது. புதுப் பொட்டலத்து மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துச் சோடா போட்டோம், சிவந்தது. மிச்சமிருந்த பழைய பொட்டலத்தையும் அப்படியே செய்தோம், அதுவும் சிவந்தது. இரண்டிலும் வினிகர் விட்டதும் மஞ்சள் திரும்பியது. ஈய குரோமேட் இல்லை என்று சொல்ல இந்தச் சோதனை போதாது. அதற்குப் பரிசோதனைக் கூடம் வேண்டும். ரொட்டி சிவந்ததற்குக் காரணம் கலப்படம் அல்ல என்று சொல்ல இது போதும்.

இந்த வேதியியல் நமக்கொன்றும் புதிதில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துத்தான் ஆரத்தி கரைக்கிறோம். சட்டையில் பட்ட சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் சிவக்கிறது. டோக்ளா செய்கிறவர்களுக்கு, சோடா சரியாகக் கலக்காவிட்டால் மேலே சிவப்புப் புள்ளி விழும் என்பது பழகின சங்கதி. அந்தப் பெரியம்மா குங்குமம் என்று சொன்னது வெறும் உவமை இல்லை. மஞ்சளில் காரம் சேர்த்துக் குங்குமம் செய்வது பழைய முறைதானே. அன்று காலை அதே வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றிக் கொட்டியிருந்தார்கள். விளக்கம் சொல்லப் போனபோது எனக்கு அது மிகவும் உதவியது. கர்க்குமின் என்ற மஞ்சள் நிறமி, பி.எச். என்ற அமில-கார அளவு என்று பேசியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆரத்தித் தட்டைச் சொன்னதும் பெரியம்மாவே மற்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. மாவு கலக்கும்போது சிவப்பு ஏன் யார் கண்ணிலும் படவில்லை? தங்கை சத்தியம் செய்கிறார், மாவு மஞ்சளாகத்தான் இருந்ததாம். அவர் சொல்வது சரி. சமையல் சோடா லேசான காரம். மஞ்சள் நிறம் மாறத் தொடங்கும் எல்லையில்தான் அது நிற்கும். சூடேறினால் அது கரியமில வாயுவையும் நீரையும் விட்டு, சலவைச் சோடாவாக மாறுகிறது. அது கடுமையான காரம். பச்சை மாவில் இளம் ஆரஞ்சாக ஒளிந்திருந்த புள்ளி, வெந்தபின் ரத்தச் சிவப்பாக வெளியே வந்தது. சோப்பு வாடைக்கும் காரணம் இதுவே. முதல் ஈட்டு ரொட்டிகளில் புள்ளிகள் சின்னதாகவும் கூர்மையாகவும், கடைசி ஈட்டில் பரவிய திட்டாகவும் இருந்ததற்குக் காரணம் காத்திருந்த நேரம். கட்டி மெல்லக் கரைந்து சுற்றிலும் ஊறியிருக்கிறது.

கணக்கு

புதுத் தயிரில் லாக்டிக் அமிலம் 0.7 சதவீதம் வாக்கில் இருக்கும். நன்றாகப் புளித்தால் 1 சதவீதத்தைத் தாண்டும். 90 கிராம் லாக்டிக் அமிலம் 84 கிராம் சோடாவை முறிக்கும். ஆகவே 200 கிராம் புளித்த தயிர் சுமார் 2 கிராம் சோடாவை அடக்கும். அரை டீஸ்பூன் சோடா 2.3 கிராம் அளவுக்கு வரும். மைதாவும் முட்டையும் சீஸும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். எனவே பங்குனியிலும் சித்திரையிலும் அக்காவின் அளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. இராத்திரி உறைபோட்டால் காலையில் முகம் சுளிக்கும் அளவுக்குப் புளிக்கிற வெயில் அது.

கார்த்திகையில் 1 கிலோ இனிப்புத் தயிரில் இருந்தது 7 கிராம் அமிலம். அது அடக்கும் சோடா 6.5 கிராம். போட்டது 7 டீஸ்பூன், அதாவது 33 கிராம் வாக்கில். பாலும் மாவும் இழுத்ததைத் தாராளமாகக் கழித்தாலும், ஒரு ரொட்டிக்கு 2 கிராமுக்குக் குறையாமல் சோடா வேலையில்லாமல் நின்றிருக்கிறது. வழக்கமாகப் போடும் மொத்தச் சோடாவே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இதை ஊகமாக விடாமல் அக்காவின் அடுப்பிலேயே சின்னக் கிண்ணங்களில் பார்த்தோம். புளித்த தயிர், சலித்த சோடா: மஞ்சள், மங்கிய தழை, நல்ல சுவை. பாதிப் பால், சலித்த சோடா: புள்ளி இல்லை, ஆனால் கிண்ணம் முழுக்கச் செங்காவி நிறம், சோப்பு வாடை. பாதிப் பால், கட்டிச் சோடா: விழா வீட்டில் பார்த்த அதே புள்ளிகள். புளித்த தயிரில் கட்டிச் சோடா போட்டதுதான் சுவாரசியம். அங்கங்கே புள்ளி விழுந்தது, மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தது. ஆக இங்கே இரண்டு தவறுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றிருக்கின்றன. சோடா மிகுந்தது ஒன்று, பரவாமல் போனது ஒன்று. புள்ளியை மட்டும் பார்த்து, "இனிமேல் நன்றாகச் சலித்துக்கொள்" என்று சொல்லி முடித்திருந்தால், அடுத்த மழையில் புள்ளியில்லாத சோப்பு ரொட்டி வந்திருக்கும். அது இன்னும் மோசம். முழுக்க ஒரே நிறமாக இருப்பதால் அறுத்தாலும் சட்டென்று தெரியாது, தின்றால்தான் தெரியும்.

வீரியம் போயிருக்கும் என்று அக்கா பயந்த பேக்கிங் பவுடரையும் பார்த்தோம். கொதிநீர் அரைக் கப்பில் ஒரு டீஸ்பூன் போட்டால் உடனே பொங்க வேண்டும். சோம்பலாகத்தான் பொங்கியது. ஈரம் பட்டதால் டப்பாவுக்குள்ளேயே பாதி வினை முடிந்துபோயிருக்கிறது. அவருடைய சந்தேகம் சரி. அதற்குச் சோடாவைக் கூட்டியதுதான் பொருந்தவில்லை. பவுடரில் தேய்வது வாயு மட்டுமில்லை, அமிலமும்தான். அமிலம் இல்லாத இடத்தில் சோடாவைக் கூட்டினால் ரொட்டி எழும்பாது, கசக்கும்.

நடு அமுங்கியது எதனால்

மாவைக் காக்க வைத்ததால் வாயு போய்விட்டது என்பது ஒரு பகுதி. முழுக் காரணம் அதுவல்ல, ஏனென்றால் முதல் ஈட்டிலும் நடு வேகவில்லை. காரம் மிகுந்த மாவின் மேற்பரப்பு வேகமாகச் சிவக்கும். அப்பளக்காரம் கூடினால் அப்பளம் எண்ணெயில் போட்டதும் சிவந்துவிடுகிறதே, அதே கதை. 50 நிமிடம் வேகவேண்டிய ரொட்டியை, மேலே கருகப் பார்க்கிறது என்று 40 நிமிடத்துக்குள் எடுத்திருக்கிறார்கள். ஊசி குத்திப் பார்க்கவில்லையா என்றால், பார்த்திருக்கிறார்கள். ஈரமாக ஒட்டியிருக்கிறது. "சீஸ் உருகி ஒட்டுது" என்று நினைத்துவிட்டார்கள்.

இதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சீஸ் போட்ட ரொட்டியில் ஊசிச் சோதனையை நம்பவே முடியாது. வெந்தாலும் ஒட்டும், வேகாவிட்டாலும் ஒட்டும். கத்தி மாதிரிக் குத்தும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வதுதான் வழி. நடுவில் 96 டிகிரி காட்டினால் வெளியே எடுக்கலாம். மேற்பரப்பு சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போட்டால் போதும்.

இப்போது செய்யும் முறை

சோடாவை 1 கிராமாகக் குறைத்தோம். எவ்வளவு புதுத் தயிராக இருந்தாலும் 200 கிராமில் அந்த 1 கிராமை அடக்கும் அமிலம் இருக்கும். புளித்த நாளில் கொஞ்சம் புளிப்பு மிஞ்சும். சீஸ் ரொட்டிக்கு அது நல்லதுதான். எழும்பும் வேலையைப் பேக்கிங் பவுடருக்குக் கொடுத்தோம், ரொட்டிக்கு 10 கிராம். தயிருக்குப் பால் ஊற்றுவது அடியோடு நிறுத்தம். தயிர் போதாவிட்டால் சோடாவே இல்லாமல் பாலும் பவுடரும் மட்டும் போட்டு, சித்தி சொன்ன முறைக்கே போய்விட வேண்டும். பவுடரையும் சோடாவையும் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்கி, இறுக்கி மூடும் புட்டியில் வைக்கிறார். ஐப்பசி பிறந்தால் கொதிநீர்ச் சோதனை செய்யாமல் தொடுவதில்லை. கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் சின்னத் தராசும் வாங்கியாயிற்று. டீஸ்பூன் என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

பெரிய ஆர்டர் என்றால் உலர்ந்த பொருள்கள் ஒரு பாத்திரத்தில் சலித்துத் தயாராக இருக்கும், ஈரப் பொருள்கள் குளிர்பெட்டியில் இருக்கும். மூன்று டின்னுக்கு மட்டும் கலந்து, உடனே அடுப்பு. முட்டை சேர்ந்த மாவை இரண்டு மணி நேரம் வெளியே வைப்பது வேறொரு ஆபத்து என்பதையும் சொல்லிவைத்தேன்.

சீஸ் விஷயத்தில் எங்களுக்குள் கொஞ்சம் இழுபறி. அக்கா போடுவது கடையில் கட்டியாகக் கிடைக்கும் பதப்படுத்திய சீஸ். அதில் உருகலைக் கட்டுப்படுத்தும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் இருப்பதால் எண்ணெய் கக்காது, துண்டாகப் போட்டால் துண்டாகவே நிற்கும். ஆனால் மணம் குறைவு, உப்பு அதிகம். மாதக்கணக்கில் முதிரவைத்த செடாருக்கு மணம் உண்டு, விலையும் உண்டு. ஆரோவில்லில் லா ஃபெர்ம் செய்யும் கெட்டிச் சீஸைத் துருவிப் போட்டுப் பார்த்தோம், பிரமாதம். ஆனால் அந்த விலையில் லாஸ்பேட்டையில் ரொட்டி விற்க முடியாது. கடைசியில் முதிர்ந்த சீஸ் 40 கிராம் துருவி மாவில், பதப்படுத்தியது 80 கிராம் துண்டுகளாக இடையிடையே. உப்பை அரை டீஸ்பூனுக்குக் கீழே இறக்கினோம். மொசரெல்லா கூடாது என்பது என் கட்சி. தண்ணீர் விட்டுச் சுற்றிலும் ஈரக் குழி விழும்.

தழைகளில் அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஓமவல்லி இலையில் இருக்கும் கார்வக்ரால், தைமால் ஆகியவைதான் பீட்ஸாவில் தூவும் ஓரிகானோவுக்கும் மணம் தருபவை. தொட்டியில் சும்மா வளர்வதை விட்டுவிட்டுக் காய்ந்த தூளைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்பது அவர் கேள்வி. இலை சதைப்பற்றானது, நறுக்கித் துணியில் பிழிந்து போடாவிட்டால் அந்த இடம் வேகாது. கறிவேப்பிலையைப் பச்சையாகப் போட்டால் தின்பவர்கள் பொறுக்கி ஓரம் வைப்பார்கள். ரொட்டிக்கான அதே எண்ணெயில் பொரித்து, நொறுக்கி, எண்ணெயோடு ஊற்றினால் மணம் மாவு முழுக்க ஏறும். கொத்தமல்லியின் மணம் சூட்டில் பறந்துவிடும் என்பதால் அவர் இலையைவிடத் தண்டை அதிகம் சேர்க்கிறார். புதினாவைத் தொடுவதில்லை, கறுத்துவிடும். மேலே பண்ருட்டி முந்திரியை உடைத்துத் தூவுவது வாடிக்கையாளர்களுக்காக; எனக்கு அது தேவையில்லாத அலங்காரமாகவே படுகிறது.

மஞ்சளை நிறுத்திவிடலாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். சோடா மிஞ்சினாலும் பரவாவிட்டாலும் முதலில் சொல்வது அதுதான். காசு செலவில்லாத சோதனைத்தாள். இப்போது ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு ரொட்டியை ஓரத்தில் அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்கிறார்.

விழா வீட்டாருக்கு முழுப் பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. எலுமிச்சைச் சோதனையை அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே செய்து காட்டியபின் சாயப் புகார் பேச்சு எழவில்லை. மார்கழி முடிந்து தைப்பொங்கல் சமயத்தில் மூன்று ரொட்டி கேட்டார்கள், ஆனால் முட்டை இல்லாமல். அது இன்னும் சரிப்படவில்லை. முட்டையை எடுத்துவிட்டுத் தயிரைக் கூட்டினால் எழும்புகிறது, அறுத்தால் உதிர்கிறது. ஆளிவிதைப் பசை போட்டால் உதிராமல் நிற்கிறது, நிறம் அழுக்காகிவிடுகிறது. அடுத்து கடலை மாவில் ஒரு பங்கு சேர்த்துப் பார்க்கப் போகிறோம்.